தாங்குதிறனை எதிலிருந்து தொடங்குவது? கொழும்பில் வாழ்பவருக்குத் திறந்திருக்கும் வழிகளின் ஒப்பீடு

வேலை பறிபோதல், நெருங்கியவரின் மரணம், படுக்கையில் விழுந்த பெற்றோரைப் பராமரித்தல், அடைத்து முடியாத கடன், பிள்ளைகள் ஒவ்வொருவராக நாட்டைவிட்டுப் போதல் என்று ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டிருப்பவரிடம் மனதைத் திடப்படுத்திக்கொள்ளச் சொல்பவர்கள் பலர். அந்தத் திடத்தை, அதாவது தாங்குதிறனை, எங்கிருந்து தொடங்கிப் பெறுவது என்று சொல்பவர்கள் மிகச் சிலர். கொழும்பில் வாழும் தமிழருக்கு இதற்குரிய வழிகள் இல்லை என்று சொல்ல முடியாது. தியான வகுப்புகள், வழிபாட்டிடங்கள், உறவினர், தொலைபேசி உதவிச் சேவைகள், அரச வைத்தியசாலைகளின் உளநல கிளினிக்குகள், தனியார் உளவளத்துணையாளர்கள் எல்லாம் எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. ஆனால் வேலையும் பஸ் பயணமும் வீட்டுப் பொறுப்பும் போக ஒருவருக்கு நாளொன்றில் மிஞ்சுவது ஒரு மணித்தியாலம், மாதமொன்றில் மிஞ்சுவது ஒரு சிறு தொகை. அவற்றை முதலில் எதில் இடுவது என்பதே இங்கு எடுக்கவேண்டிய முடிவு. அதற்காகவே இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

ஒப்பிடுவதற்கு முன்னர் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். தாங்குதிறன் சிலர் பிறக்கும்போதே கொண்டுவரும் குணம், மற்றவர்களுக்கு அது வாய்க்கவில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் நோய் போன்ற பல இடர்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அன்பும் உள்ளவர்களாக வளர்ந்து நின்றனர். அவர்களிடம் காணப்பட்ட பொதுவான அம்சங்களுள் முக்கியமானது, பெற்றோராக இல்லாவிட்டாலும், பாட்டியோ ஆசிரியரோ அயலவரோ ஒருவராவது அவர்களை விடாமல் அக்கறையோடு பார்த்துக்கொண்டார் என்பதாகும். குழந்தையின் இயல்புக்கும் பங்கு இருந்தது. ஆனால் அதைச் சுற்றி நின்ற மனிதர்களை நீக்கிவிட்டு அந்த இயல்பை மட்டும் விளங்கிக்கொள்ள முடியாது.

இழப்புகளைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்த ஜோர்ஜ் பொனானோ சொல்வதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். பெருந்துயரைச் சந்திக்கும் மனிதரில் பெரும்பாலானோர், தனியான சிகிச்சை எதுவும் இல்லாமலேயே, துக்கத்தோடு சேர்த்துத் தம் அன்றாடத்தையும் நடத்திச் செல்கிறார்கள் என்பதே அவரது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு. ஆகவே ஒன்றும் புதிதாகச் செய்யாமல் வழமையான வாழ்வைக் காத்துக்கொள்வதும் ஒரு வழிதான். துயரம் வந்த முதல் சில வாரங்களில் பலருக்கு அதுவே போதுமான வழியாகவும் இருக்கிறது.

இன்று மிக அதிகமானோர் முதலில் கையில் எடுப்பது தனிப்பயிற்சியை. தியானம், மூச்சுப் பயிற்சி, நாட்குறிப்பு, ஊக்கமூட்டும் உரைகள், கைபேசிச் செயலிகள் ஆகியவை இதில் அடங்கும். எவருக்கும் சொல்லாமல் செய்யலாம் என்பதும் செலவு குறைவு என்பதும் இதன் கவர்ச்சி. சுவர்கள் மெல்லிய தொடர்மாடி வீட்டில் ஆறு பேரோடு வாழ்பவருக்கு அந்த இரகசியம் சிறிய காரியமல்ல. பயனும் இருக்கிறது. தியானப் பயிற்சிகள் குறித்த 47 பரிசோதனைகளை, மொத்தம் 3,515 பேரின் தரவுகளோடு, தொகுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டின் மீளாய்வு ஒன்று, பதற்றத்தையும் மனச்சோர்வையும் அவை மிதமான அளவில் குறைக்கின்றன என்று கண்டது. ஆனால் அதே மீளாய்வு, உடற்பயிற்சி, மருந்து போன்ற ஏனைய வழிகளைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் கூறியது. முன்பகுதியைச் சொல்பவர்கள் பின்பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

மனதில் உள்ளதை எழுதும் பயிற்சியின் கதையும் இதுபோன்றதே. ஜேம்ஸ் பெனபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தம்மைப் பாதித்த நிகழ்வுகளை நாளுக்குப் பதினைந்து நிமிடமாக நான்கு நாட்கள் எழுதினர். எழுதிய உடனே அவர்களது மனநிலை தாழ்ந்தது, பின்வந்த மாதங்களில் நன்மை தெரிந்தது. பின்னாளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கையில் அந்த நன்மை சிறியது என்றே தெரிகிறது. செலவில்லாத பயிற்சிக்குச் சிறிய நன்மையும் பெறுமதியானதே. நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. மனிதரைத் தவிர்ப்பதற்காகவே ஒருவர் தியானத்துக்கும் காணொளிகளுக்கும் போகிறார் என்றால், அந்த மணித்தியாலம் அவரது தனிமையை நீட்டிக்கத்தான் உதவுகிறது. கொடிய நிகழ்வொன்றைக் கண்டவர் கண்ணை மூடி அமரும்போது அந்தக் காட்சியே திரும்பவந்து நிற்பதும் உண்டு; அப்படி நேர்ந்தால் பயிற்சி போதவில்லை என்று தன்னைக் குறைகூறாமல் அதை நிறுத்திவிட்டு உதவி நாட வேண்டும்.

உடலைப் பேணும் வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் இதில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வேகமாக நடப்பதே அதற்குப் போதும். வெள்ளவத்தையில் இருப்பவருக்குக் கடலோர வீதியும், நகரின் நடுவில் இருப்பவருக்கு விகாரமகாதேவி பூங்காவும் காலிமுகத்திடலும் இருக்கின்றன. ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவதை இதைவிடவும் முக்கியமாகக் கருதுகிறேன். தூக்கம் கெட்டவரால் மற்ற எந்த வழியையும் நிதானமாகப் பின்பற்ற முடியாது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் அழைப்புக்காக நள்ளிரவு வரை விழித்திருக்கும் பெற்றோர் இந்த நகரில் பலர். அந்த அழைப்பைக் காலைக்கு மாற்றச் சொல்வது பிள்ளைகளுக்கு ஒரு பாரமும் ஆகாது.

இனி மனிதர்களிடம் வருகிறேன். ஒப்பீட்டில் இதற்கே அதிக இடம் கொடுப்பதற்குக் காரணம், இது நம்மிடம் நிறைய இருக்கிறது என்று நாம் நினைப்பதும் உண்மையில் வேகமாகக் குறைந்து வருவதும்தான். 148 ஆய்வுகளையும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்களையும் உள்ளடக்கி 2010இல் வெளிவந்த ஒரு மீளாய்வு, வலுவான சமூக உறவுகள் உடையவர்கள் குறிப்பிட்ட காலத்தின் முடிவில் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 வீதம் அதிகம் என்று கண்டது. உறவுகளின் பலன் உடலின் ஆயுளிலேயே தெரிகிறது என்றால், மனதின் தாங்குதிறனுக்கு அதைப் புறம்பாக வைக்க முடியாது. போரையும் ஆழிப்பேரலையையும் கண்ட வடக்கு மக்களிடையே பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், பேரிடர்கள் தனிமனிதரின் மனதை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தின் இழைகளையும் காயப்படுத்துகின்றன, ஆகவே ஆற்றுதலும் அந்த மட்டங்களில் நடைபெற வேண்டும் என்று நீண்டகாலமாக வலியுறுத்தி வந்திருக்கிறார்.

கொழும்பில் ஒரு மரணம் நிகழ்ந்தால் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தால் இந்த வழியின் வலிமையும் ஓட்டையும் சேர்ந்தே தெரியும். உடல் மலர்ச்சாலையில் வைக்கப்படுகிறது; அலுவலகத் தோழர், பழைய அயலவர், ஊர்ச் சங்கத்தார் எல்லாரும் வந்து நிற்கிறார்கள்; வெளிநாட்டு உறவுகள் காணொளியில் பார்த்து அழுகிறார்கள். சைவக் குடும்பமாயின் எட்டுச்செலவு, பின்னர் 31ஆம் நாள் அந்தியேட்டி என்று, துக்கத்துக்கு ஓர் ஒழுங்கும் ஆள்துணையும் கிடைக்கின்றன. இந்தச் சடங்குகளை வெறும் செலவு என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் ஒருவருக்கு அடுத்த நாளில் செய்யவேண்டியது என்ன என்று அவை சொல்லித் தருகின்றன. ஆனால் 32ஆம் நாள் வீடு வெறுமையாகிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வேலிக்கு அப்பால் இருந்து ஒருவர் குரல் கொடுப்பார். தொடர்மாடியில் கதவு மூடியபின் எவருக்கும் எதுவும் தெரியாது. கணவனை இழந்த பெண்ணுக்கு உண்மையான கடினம் தொடங்குவதே அந்த வாரத்தில்தான். அப்போதுதான் ஆட்களும் இல்லை.

ஆகவே மனிதர்களைத் தேர்ந்தெடுப்பது என்றால் கூட்டத்தைச் சேர்ப்பதல்ல. வேளை தவறாமல் வரக்கூடிய இருவர் அல்லது மூவர் போதும், அவர்கள் நெருங்கிய உறவாக இருக்கவேண்டும் என்பதுமில்லை. சொல்வதைக் கேட்டு முடிக்கும் ஒருவர், கேட்டவுடன் ஓட்டோ பிடித்து வந்து வைத்தியசாலை வரிசையில் நிற்கக்கூடிய ஒருவர் என்று வேறு வேறு ஆட்கள் வேறு வேறு உதவிக்கு இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே சகோதரியிடம் எதிர்பார்த்து அவரைக் களைக்கச் செய்வதே நம் குடும்பங்களில் நடக்கும் பெரிய தவறு. வழக்கமாகக் கூடும் இடம் ஒன்று இருந்தால் உறவைப் பேணுவது இலகுவாகிறது. வெள்ளிக்கிழமைக் கோயில், ஞாயிறு ஆராதனை, ஜும்ஆத் தொழுகை, கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம், பாடசாலைப் பழைய மாணவர் சங்கம் எதுவாயினும் சரி. நம்பிக்கை உள்ளவருக்கு வழிபாடு மனதுக்கு ஒரு பிடிமானம். நம்பிக்கை குறைந்தவருக்கும் அங்கே வந்துபோகும் மனிதர்களால் பயனுண்டு.

இவ்வழியின் குறையை மறைக்கக் கூடாது. குடும்பத்துக்குள்ளேயே அடி, குடி, அவமதிப்பு இருக்குமானால் உறவை நம்பச் சொல்வது அந்த மனிதரை மீண்டும் தீங்கின் கையில் கொடுப்பதாகும். வெளியே தெரிந்தால் மகளின் கல்யாணம் குழம்பும் என்ற பயமும், சொன்ன கதை அன்று மாலையே வட்ஸ்அப் குழுவில் வரும் என்ற பயமும் ஆதாரமற்றவை அல்ல. இத்தகைய நிலையில் இருப்பவர் உறவைத் தாண்டி நேரே தொழில்முறை உதவிக்குப் போவதே சரியானது.

அந்த உதவியிலும் பல தரங்கள் உண்டு. அவற்றை ஒன்றென்று எண்ணித் தவறான கதவைத் தட்டியவர்கள் மனம் சலித்துத் திரும்புகிறார்கள். 1974 முதல் இயங்கிவரும் சுமித்ரயோவில் பயிற்சி பெற்ற தொண்டர்கள் கட்டணமின்றி, இரகசியம் காத்து, அறிவுரை திணிக்காமல் காதுகொடுக்கிறார்கள். உடனே ஒருவரோடு பேசியாக வேண்டும் என்ற வேளைக்கு அது பொருத்தமானது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் நாட்டின் எந்தப் பகுதியிலிருந்தும் அழைக்கக்கூடியது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். குடும்பப் பிணக்கு, பிள்ளை வளர்ப்பு, இழப்பு போன்றவற்றுக்கு அவர்களை நாடலாம். நோயென்று கருதத்தக்க அறிகுறிகள் இருந்தால் உளமருத்துவரே வேண்டும். தேசிய வைத்தியசாலை, களுபோவில வைத்தியசாலை ஆகியவற்றில் கட்டணம் இல்லை, ஆனால் காத்திருக்க வேண்டும். தனியார் துறையில் காத்திருப்பு குறைவு, செலவு அதிகம். ஒரு தடவைக்கு ஆகும் தொகையை மட்டும் பார்க்காமல் ஆறேழு தடவைக்கு ஆகும் தொகையைக் கணக்கிட்டே முடிவெடுக்க வேண்டும்.

உளவளத்துணை எல்லா வேளையிலும் நல்லதே செய்யும் என்று கருதுவதும் சரியல்ல. பெரும் அதிர்ச்சி நடந்த உடனே பாதிக்கப்பட்டவரை அமர்த்தி நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறை ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. அது பின்னாளில் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யக்கூடும் என்பதைப் பரிசோதனைகளின் மீளாய்வுகள் காட்டிய பின்னர் அதைப் பரிந்துரைப்பது நிறுத்தப்பட்டது. முதல் நாட்களில் வேண்டியது பாதுகாப்பு, உணவு, உறவினரைச் சேர்த்துவைத்தல், சரியான தகவல் ஆகியவையே. அதற்கு மாறாக, மாதங்கள் கடந்தும் கொடுங்கனவு, திடுக்கிடுதல், அந்த இடத்தையோ சத்தத்தையோ தவிர்த்து வாழ்தல் ஆகியவை நீங்காதவருக்கு முறையான சிகிச்சை பலன் தருகிறது. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்ற உதவும் பேச்சுவழிச் சிகிச்சையை, உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. 1983 ஜூலையைக் கண்டவர்களும், 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் இருந்தவர்களும் இந்த நகரில் நம் நடுவே வாழ்கிறார்கள். காலம் ஆற்றும் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு நகர்வது நியாயமல்ல.

இடைநிலையில் இருப்பவருக்கும், அதாவது நோயென்று சொல்லமுடியாத ஆனால் நாளுக்கு நாள் தளர்ந்துவருபவருக்கும், குறுகிய காலப் பயிற்சிகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஒரு முறை ஐந்து அமர்வுகளில் முடிகிறது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஒருவரே அதை நடத்தலாம். பதற்றத்தைத் தணித்தல், தீர்க்கக்கூடிய பிரச்சினையைப் படிப்படியாகக் கையாளுதல், கைவிட்ட செயல்களைச் சிறிது சிறிதாகத் திரும்பத் தொடங்குதல், ஆதரவு தரும் மனிதரை அடையாளங்காணல் ஆகிய நான்குமே அதன் உள்ளடக்கம். பாகிஸ்தானிலும் கென்யாவிலும் சோதித்துப் பயன் கண்ட முறை இது. தொழில்முறை உதவியின் உள்ளேயும் மனிதரைத் தேடுதல் ஒரு பாகமாக வருவதைக் கவனிக்க வேண்டும்.

பணத்தை இந்த வரிசையில் வைப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டபோது, எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்று களைத்த குடும்பங்களுக்கு மூச்சுப் பயிற்சியால் செய்யக்கூடியது சொற்பமே. மூன்று மாதச் செலவுக்கான சேமிப்பு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் வேலையிழப்பு ஒரே நிகழ்வாக இருப்பதில்லை. சம்பளக்காரர் தன் பேரில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமும் உண்மையாகவே செலுத்தப்படுகின்றனவா என்று பார்த்துக்கொள்வது அவசியம். ஆனால் அந்தப் பணம் பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில்தான் கைக்கு வரும். 3 வீத ஊழியர் நம்பிக்கை நிதியோ வேலையிலிருந்து நீங்கும்போது நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கோரக்கூடியது. சீட்டு நம்மவரின் பழைய சேமிப்பு. மாதாமாதம் கட்டியாக வேண்டும் என்ற ஒழுங்கையும் ஆள்தொடர்பையும் அது தருகிறது. பிடிப்பவர் ஏமாற்றினால் மீட்க வழி குறைவு என்பதால் அவசரத் தேவைக்கான முழுத் தொகையையும் அதில் வைக்கக் கூடாது. மனஉளைச்சலின் வேர் கடன் என்றால், உளவளத்துணையாளரிடம் போவதற்கு முன்போ அதோடு சேர்த்தோ, கடன் கொடுத்தவரோடு தவணை பேசுவதே முதல் வேலை.

இவற்றை வைத்து முடிவெடுக்கும்போது, லாசரஸ், ஃபோக்மன் என்ற உளவியலாளர்கள் 1984இல் விரிவாக விளக்கிய ஒரு வேறுபாடு உதவுகிறது. சில நெருக்கடிகளில் நிலைமையையே மாற்றலாம், சிலவற்றில் நிலைமை மாறாது, அதை ஏற்று வாழும் மனதையே பேண முடியும். வேலையிழப்பும் கடனும் முதல் வகை. ஆகவே அவற்றுக்குப் பணத்தையும், வேலை பற்றிச் சொல்லக்கூடிய மனிதரையும் முன்னே வைப்பேன், தியானத்தைப் பின்னே. மரணம் இரண்டாம் வகை. அதற்கு வேளை தவறாமல் வரும் இருவரையும் தூக்கத்தையும் முதலில் வைப்பேன், ஆறு மாதத்துக்குப் பிறகும் அன்றாட வேலைகள் திரும்பவில்லை என்றால் உளவளத்துணையை. பழைய அதிர்ச்சிக்கு முதலிலேயே முறையான சிகிச்சை. தனிப்பயிற்சியை எந்த நிலையிலும் முதலாவதாக வைக்கமாட்டேன். மற்ற ஒன்றோடு சேர்க்கும்போது அதை மனமாரப் பரிந்துரைப்பேன்.

இந்த வரிசைகள் எதற்கும் உட்படாத நிலை ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் பற்றற்றுப் போனால் வைத்தியரைக் காணுங்கள். சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் 1926ஐ அழையுங்கள் அல்லது அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு. தற்கொலை முயற்சி 1998 முதல் இந்நாட்டில் குற்றமல்ல. பொலிஸுக்குப் பயந்து வைத்தியசாலையைத் தவிர்க்க வேண்டியதில்லை.

மிகக் கடினமான தெரிவு பராமரிப்பாளருடையது. மறதி நோயால் பாதிக்கப்பட்ட தாயை ஆண்டுக்கணக்கில் பார்த்துவரும் மகளுக்கு நெருக்கடி முடியும் நாள் தெரியாது; வெளியே போகவும் முடியாது. அவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது வாரத்தில் அரைநாள் தாயோடு இருக்க ஓர் ஆளை ஒழுங்குசெய்வதையே. வெளிநாட்டிலுள்ள சகோதரர் அனுப்பும் பணத்தில் அதற்கென ஒரு பங்கை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். அந்த அரைநாள் கிடைத்த பின்னரே நடையும் தோழியும் உளவளத்துணையும் அவருக்குச் சாத்தியமாகும்.

எவரையேனும் முதன்முறை தொலைபேசியில் அழைப்பவர் நான்கு கேள்விகளை முன்பே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. தமிழில் பேசக்கூடியவர் எந்த நாட்களில் இருப்பார்? அவரது பயிற்சி என்ன? ஒரு தடவைக்கு எவ்வளவு, ஏறத்தாழ எத்தனை தடவை வர வேண்டியிருக்கும்? நான் சொல்வது எவரிடம் போகும்? சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சமாளிக்கலாம் என்று முதல் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அலுவலக வேலைக்குப் போதுமான மொழி அழுகைக்குப் போதாமற்போகலாம். தமிழில் பேசுபவர் வியாழக்கிழமை மட்டுமே வருவார் என்றால், அந்த வியாழனுக்கு இப்போதே அரைநாள் விடுமுறை கேட்டுவிடுங்கள்.